மண்டி

கென்ற் நகரிலிருந்து வந்த போத்தல்
இரண்டு துவாய்க்குள்ளும் ஒரு பிள்ளைச் சட்டைக்குள்ளும்
சுற்றிக் கிடந்தது.
கழுத்தில் கம்பிக்கூடு, வாயில் தக்கை.
"பியருக்குத் தக்கையோ?" என்றார் றெஜினோல்ட்.
"பண்ணைவீட்டுப் பியர்" என்றான் செபநேசன்.
"ஓக் பீப்பாவுக்குள்ள மூண்டு வருசம் கிடந்தது.
புளிக்கும். புளிக்கத்தான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
கூட்டுறவுச் சங்கத்தில் என் மேசைக்கு
காலை ஆறரைக்கு வரும் கள்ளில்
திரவமானி மிதக்கவிட்டு, மணந்து,
நுனிநாக்கில் தொட்டுத் துப்பி
'புளித்தது' என்று நான் எழுதினால்
அந்தக் கானுக்கு அரை விலை.
பத்தொன்பது வருடமாய்
என் கையெழுத்தில் புளிப்பு ஒரு குற்றம்.

பாசையூரில் அன்றைக்கும் கரண்ட் இல்லை.
மொட்டைமாடியில் காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில்
மூன்று தேத்தண்ணிக் கிளாஸ்.
தக்கை வெடித்துத் தண்ணித் தாங்கியில் பட்டது,
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது,
ஒருவரும் சிரிக்கவில்லை.
அண்ணனும் தம்பியும்
காணி உறுதி ஒன்றின் மேல் கதை நிறுத்தியவர்கள்.
அதுவும் மூன்று வருடம்தான்.
நான் கணக்குப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை.

ஃபோன் வெளிச்சத்தில் நிறம்:
மாரிமழைக்கு மறுநாள் கிணறு.
மணம்: ஈரச் சாக்கு,
கொஞ்சம் ஆட்டுப்பட்டி,
அதற்கும் பின்னால் எங்கோ தோடம்பழத் தோல்.

றெஜினோல்ட் ஒரு மிடறு குடித்து
றோசாச் சாடிக்குள் துப்பினார்.
"வினாகிரியடாப்பா இது.
உதுக்கோ இருபத்தாறு யூரோ?"

எனக்கும் முதல் மிடறில்
காதடி நரம்பு சுண்டியது.
கை தன்பாட்டில் பேனையைத் தேடியது.
துப்ப இடம் பார்த்தேன்,
சாடியை அவர் பிடித்துவிட்டார்,
விழுங்கினேன்.

இரண்டாவதில் புளிப்பு கொஞ்சம் ஒதுங்கி
வழி விட்டது.
உப்பில் கிடந்த பிஞ்சு மாங்காய்.
மழைநாள் பூசையில் கோயில் வாங்கு,
நெற்றியை வைத்தால் வரும் அந்த மரவாசம்.
பிறகு ஒரு கயர், நாக்கைத் துடைத்து வெறுமையாக்கி
இன்னும் கொஞ்சம் கேட்க வைக்கிற கயர்.
மூன்றாவதைப் பற்றி எழுதச் சொற்கள்
என் படிவத்தில் இல்லை.

செபநேசன் இருட்டைப் பார்த்துச் சொன்னான்:
காய்ச்சினதை இரவு முழுக்கத் திறந்து வைப்பினமாம்.
யன்னலும் திறந்துதானாம்.
ஊர்க்காற்றில் பறக்கிறது எதுவோ
தானாய் வந்து விழுமாம்.
ஒருத்தரும் அழைக்கிறேல்லையாம்.

நாங்கள் அந்த எதுவோவைச்
சுண்ணாம்பு தடவிக் கொல்கிறோம்,
கருப்பநீர் முட்டிக்குள்.
கள்ளு முட்டிக்குள் விடுகிறோம்,
ஆனால் ஒரு பகலுக்கு மேல் நம்புவதில்லை.

கடலேரிக் காற்று வலையைத் தூக்கிப் போட்டது.
"ம்" என்று
றெஜினோல்ட் கிளாசை நீட்டினார்.
"கொஞ்சம் விடு."
தம்பி விட்டான். கை நடுங்கி
கொஞ்சம் சீமெந்தில் சிந்தியது.
உறுதியைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை.
சுறா விலையைக் கதைத்தார்கள்,
கென்றில் குளிர் எப்படி என்று கதைத்தார்கள்,
துப்பியதால் றோசா சாகுமோ என்றுகூட.

போத்தலின் அடியில் மண்டி மிச்சம்.
கழுவ மனம் வரவில்லை.
அடுத்த நாள் முதற் கானில் அரைப் போத்தல் கள் வாங்கி,
காசு கட்டித்தான் வாங்கி,
அந்த மண்டியை அதில் ஊற்றி
மூடியை இறுக்காமல்
அலுமாரியில் பழைய பதிவேடுகளுக்குப் பின்னால் வைத்தேன்.
பிடிபட்டால் இதையும் கசிப்பென்றுதான் எழுதுவார்கள்,
எழுதுகிற ஆளும் நான்தான்.

துண்டொன்றில் திகதி ஒட்டியிருக்கிறேன்.
விலை எழுதவில்லை.